ஒரு செவி போதும்

டெர்ரி ஜோன்ஸ் மறைந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 2015 மே மாதம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. லண்டனின் பிராக்லி பகுதியில் 1978-இல் உருவான 'பேகன் ஆல்டர்' என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் அவர். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஆலன், அவருடைய மகன். ஹெவி மெட்டல் என்றாலே வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கும் இசை என்று பேர். ஜோன்ஸ் குடும்பத்திலோ அது அப்பாவையும் பிள்ளையையும் ஒரே மேடையில் நிறுத்தியது.

பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை பொங்கிய காலம் அது. 1982-இல் அயர்ன் மெய்டன் குழுவின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில்தான் பேகன் ஆல்டரும் தன் பாடல்களைப் பதிவுசெய்து, தானே ஒரு கேசட்டாக வெளியிட்டது. வேகம் விலைபோன நாட்களில் இவர்கள் நிதானமாக வாசித்தார்கள். பர்மிங்காமின் பிளாக் சபாத் குழு 1970-இல் போட்ட இருண்ட, கனத்த பாதை இவர்களுடையது. அதில் நடக்க அப்போது ஆட்கள் குறைவு. எண்பதுகளின் நடுவில் குழு கலைந்தது.

டெர்ரியின் குரலைக் கேட்டால் முதலில் வியப்பாக இருக்கும். உச்சத்தில் வீறிடும் குரல் இல்லை. மூக்கொலி கலந்த, மெலிந்த குரல். கிதார் கருமேகமாய்த் திரண்டு வர, அதன் நடுவே ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். சாவையும் சாபத்தையும் மனிதர்களின் பாசாங்கையும் பாடுகிறார், பயமுறுத்தப் பார்ப்பதில்லை. நடந்ததைக் கண்ணால் கண்டு, ஊருக்குத் திரும்பிவந்து சொல்கிறவரின் அமைதி அதில் இருக்கிறது. அந்த அமைதிதான் நெஞ்சைக் கவ்வுகிறது.

கடையில் கிடைக்காத அந்தக் கேசட் கைக்குக் கை மாறியது. யார் யாரோ பிரதி எடுத்தார்கள். அனுமதியில்லாத பதிப்புகளும் புழங்கின. கடைசியில் 1998-இல், பதிவாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து, அந்த இசை முறையான ஆல்பமாக வெளிவந்தது. குழு மீண்டும் கூடியது. 2004-இல் 'லார்ட்ஸ் ஆஃப் ஹிபாக்ரிசி', 2006-இல் 'மித்திகல் அண்ட் மேஜிக்கல்' வந்தன. கலைந்த குழுவின் பாடகராகவே மறக்கப்பட்டிருக்க வேண்டியவர், நரை கூடிய வயதில் தன் ரசிகர்களை நேருக்கு நேர் பார்த்தார்.

இன்னோர் ஆல்பத்துக்கும் அவர் பாடி முடித்திருந்தார். அது வெளிவருமுன் காலமானார். பதிவில் ஆலனுக்கு நிறைவில்லை. தந்தையின் குரலை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த இசையை வேறு கலைஞர்களோடு சேர்ந்து மறுபடி வாசித்துப் பதிவுசெய்தார். 'தி ரூம் ஆஃப் ஷேடோஸ்' 2017-இல் வெளியானது. அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். இனி ஒரு வரியைக்கூடத் திருத்திப் பாடித்தர முடியாத குரல். அது எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லை அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு, அதற்கு இசைந்து கிதார் நடக்க வேண்டும். ஒரு மகன் தகப்பனுக்கு இதைவிட உன்னிப்பாகச் செவி கொடுத்துவிட முடியாது.

உரிய மதிப்புக் கிடைக்காத பாடகர் என்று டெர்ரியைச் சொல்கிறார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது. கலைஞனுக்கு இளமையில் கிடைக்க வேண்டிய மேடை முதுமையில் கிடைப்பதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், பட்டியலும் பரிசும் அதில் எங்கும் தென்படவில்லை. யாரோ ஒருவர் கேசட்டைக் கேட்டார், மனம் பொறுக்காமல் இன்னொருவருக்குக் கொடுத்தார். கடைசியில் மகன் கேட்டார். பத்தாயிரம் பேர் கூடிய அரங்கிலும் பாட்டு ஒவ்வொருவர் நெஞ்சிலும் தனித்தனியாகத்தான் இறங்குகிறது. கைதட்டல் கூட்டத்துக்கு உரியது. கேட்பது எப்போதும் ஒருவர் செய்கிற காரியம்.

ஆகவே எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் கொண்டு ஒரு குரலின் ஆயுளைக் கணக்கிட முடியாது. எவ்வளவு ஆழமாகக் கேட்டார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. பாடகரின் கடமை மனம் ஒன்றிப் பாடுவதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டை வாழவைக்கும் பொறுப்பு, அதை மனம் ஒன்றிக் கேட்ட முதல் மனிதரிடம் தொடங்குகிறது.