எட்டாவது எபிசோட்

2022 டிசம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் ‘வதந்தி’ தொடரின் எட்டு எபிசோட்களும் ஒன்றாக வெளியாகின. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது. கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற இளம்பெண் கொல்லப்படுகிறாள்; எஸ்.ஜே. சூர்யா நடித்த போலீஸ்காரர் விவேக் விசாரிக்கிறார். ஆளுக்கொரு வெலோனியைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும், அடுத்தது வரும்வரை, நான் நம்பினேன்.

பார்த்து முடித்ததும் எங்கள் வேப்பனப்பள்ளி டீக்கடைதான் ஞாபகம் வந்தது. ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த ஒரு பெண்ணைப் பற்றி, “நைட் ஷிப்ட்டுனு சொல்லிட்டு எங்க போகுதோ” என்றார் ஒருவர். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் பேசவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

கேட்டவனுக்கும் பொறுப்பு உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். வதந்திக்குச் சொல்கிற வாய் மட்டும் போதாது. கேட்டுச் சிரிக்க ஒரு முகமும் வேண்டும். அன்று அது என் முகம். தொடரில் எட்டாவது எபிசோடுக்குள் உண்மை தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்காக விசாரிக்க எந்த விவேக்கும் வரப்போவதில்லை.

சரி, அவளிடம் மன்னிப்பு கேட்கலாமா? கேட்டால், அவள் காதுக்கு எட்டாமல் இருந்ததை நானே கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகும். என் பாரம் இறங்கும். அவள் தலையில் ஏறும். ஆகவே சொல்ல வேண்டிய இடம் அந்த டீக்கடைதான். அதே பெஞ்சில் உட்கார்ந்து, “அண்ணே, அன்னைக்கு நாம தெரியாம பேசினது தப்பு. நான் சிரிச்சதும் தப்பு” என்று சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று தடவை ஊருக்குப் போய்விட்டேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.