பாதி வழிக்கு முன்னால்

"எவ்வளவு தூரம்டா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறு கிலோமீட்டர்மா."

"அவ்வளவுதானா? பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போயிட்டு வந்தவ நான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அம்மா ஆறு மாத விசாவில் கலிஃபோர்னியா வந்திருந்தாள். ஓக்லண்ட் மலைகளில் இருக்கும் ரெட்வுட் ரீஜனல் பார்க்குக்கு அவளைக் கூட்டிப்போவதாகத் திட்டம். ஸ்கைலைன் கேட்டில் காரை நிறுத்தி, ஸ்ட்ரீம் டிரெயில் வழியாகப் பள்ளத்தில் இறங்கி, ஓடையோரம் மரங்களுக்குள் நடந்து, பிரின்ஸ் ரோட்டில் ஏறி, ஈஸ்ட் ரிட்ஜ் முகட்டுப் பாதை வழியாகக் காருக்கே திரும்பும் ஒரு வட்டம். தண்ணீர், ஆரஞ்சு, தொப்பி, சூரியன் மறையும் நேரம் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தேன். அவளுடைய வலது முழங்காலை மட்டும் குறிக்கவில்லை.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் பெரும்பாலும் சமதளத் தார்ச்சாலை. வழியெல்லாம் டீக்கடை, உட்காரத் திண்ணை, முடியாவிட்டால் ஆட்டோ. இங்கே கடைசிப் பகுதி முழுக்க மேடு. அதில் ஆட்டோ வராது. அம்மா தப்பாகக் கணக்குப் போடுகிறாள் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

'மிதமானது' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தச் சொல் எப்படி வருகிறது தெரியுமா? வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மொத்த ஏற்றத்தை அடியில் எடுத்து இரண்டால் பெருக்கி, தூரத்தை மைலில் எடுத்து அதனோடு பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். 50க்குக் கீழே வந்தால் எளிது, 50 முதல் 100 வரை மிதம். எங்கள் வட்டத்துக்குப் போட்டுப் பார்த்தேன். மிதம்தான். சூத்திரத்தில் மலை இருக்கிறது, தூரம் இருக்கிறது. நடக்கிற ஆள் இல்லை. அந்த ஆளைச் சேர்க்க வேண்டியது திட்டம் போடுகிறவனின் வேலை.

இறங்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சான் ஃபிரான்சிஸ்கோ ஊராக எழும்பிக்கொண்டிருந்தபோது, இங்கிருந்த பழைய மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். இப்போது நிற்பவை அந்த அடிக்கட்டைகளைச் சுற்றி முளைத்தவை. அதனால்தான் பல இடங்களில் மரங்கள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் வெற்றிடம். "வாழைக்குப் பக்கக்கன்னு மாதிரி" என்றாள். அந்த ஒரு மணி நேரம் என் திட்டத்தைப் பற்றி எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிரின்ஸ் ரோடு ஏற்றத்தில் மூன்றாவது முறை நின்றபோது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிடலாமாடா?" என்று கேட்டாள்.

வட்டப்பாதையின் சிக்கல் அங்கேதான். போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் 'போதும்' என்று சொல்லலாம். நடந்த அளவுதான் திரும்ப நடக்க வேண்டும். வட்டத்தில் பாதி தாண்டிவிட்டால் திரும்புவது முன்னே போவதைவிட நீளம். எங்கள் விஷயத்தில் இறங்கி வந்த வழியும் இப்போது மேடு. அந்தக் கேள்வியை அவள் கேட்கும்போது அதற்கு இரண்டு பதில்கள் இருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான்மா" என்றேன். அது மட்டும் நேரடிப் பொய்.

ஆனால் என்னை உறுத்துவது அந்தப் பொய் இல்லை, முந்தைய நாள் மௌனம். மௌனம் பொய்யாகுமா? காண்ட் தன் ஒழுக்கவியல் விரிவுரைகளில் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒருவன் பெட்டி கட்டுகிறான். பார்ப்பவர்கள் அவன் ஊருக்குப் போவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதே அவன் எண்ணம். அப்போதும் அவன் பொய் சொன்னவன் ஆக மாட்டான், ஏனென்றால் அவன் மனதில் இருப்பதைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை. கொஞ்ச நாள் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அந்தக் கடைசிக் காரணத்தில் தடுக்கி விழுந்தேன். அம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது. கால் அவளுடையது. கேட்கவும் செய்தாள்.

சரி, நல்லதுக்காகத்தானே மறைத்தேன்? குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகக் கருதப்படும் என்று வள்ளுவரே இடம் தருகிறார். அந்த 'குற்றமற்ற' என்ற நிபந்தனையைத் தாண்ட என்னால் முடியவில்லை. அவள் மரங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், உண்மை. அவளை விட்டு இவ்வளவு தூரம் வந்து நான் வாழ்கிற இடம் அழகானது, வந்தது வீண் இல்லை என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் அதே அளவு ஆசை. மேட்டைப் பற்றிச் சொன்னால் "நீ போயிட்டு வாப்பா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அதாவது, அவள் சொல்லக்கூடிய 'இல்லை'யை அவள் சொல்வதற்கு முன்பே எடுத்து ஒளித்துவைத்தேன்.

யாராவது ஒருவர் திட்டம் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். ஆமாம். அடுத்தவருக்காகத் திட்டம் போடுவதில் தவறில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்வது சுலபமாக இருக்கும்போதே, பாதி வழிக்கு முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அதன் பிறகு கேட்பது வெறும் மரியாதை, சம்மதம் இல்லை.

அம்மா ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு சாப்பாட்டு மேசையில் மேப்பை விரித்தேன். இது மேடு, இது வெயில், இங்கிருந்து திரும்பலாம், இதைத் தாண்டினால் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளத்தாக்கின் அடுத்த முனையில், கேன்யன் மெடோவில் தொடங்கினால் ஸ்ட்ரீம் டிரெயிலில் ஆரம்பத்தில் தார் போட்ட பாதை, வேண்டுமளவு நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றும் சொன்னேன். அதைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்று நினைத்தேன்.

உட்கார எங்கே இடம், ஒண்ணுக்குப் போக எங்கே வசதி என்று கேட்டாள். என் பட்டியலில் அந்த இரண்டும் இருந்ததே இல்லை. அப்புறம் விரலால் பழைய வட்டத்தையே தொட்டாள்.

"இதுவேதான் போவோம். காலைல சீக்கிரம் கிளம்பலாம், ஒரு கம்பு எடுத்துக்கலாம். போன தடவை நீ கூட்டிட்டுப் போன. இந்தத் தடவை நான் வரேன்."

நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த மேட்டில் ஏழு தடவை உட்கார்ந்தோம்.