புதுக்குதலும் புதிது கொள்ளுதலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பொருள் வரைதல். முனிவர் பொருளை முற்றத் துறப்பர். சிராவகர் தம் தேவைக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதை விரும்பாது வாழ்வர். நிலம், மனை, பொன், வெள்ளி, நெல், கால்நடை, ஆடை, பாத்திரம் என நம் முன்னோர் வரையறுத்துக்கொண்ட பொருள்களின் வரிசையில், அவர்கள் அறியாத ஒரு பொருள் இன்று சேர்ந்துள்ளது. அது மடிக்கணினி. பிள்ளைகளின் கல்வி, பெரியோரின் அலுவல், வெளிநாட்டில் வாழும் மக்களோடு உரையாடல், சாத்திர நூல்களின் வாசிப்பு ஆகிய பலவும் அதனுள் அடங்கிவிட்டன. ஆதலின் அது வேண்டுமா என்பது இன்று வினா அன்று. உள்ளதை நீக்கிப் புதியதை எப்பொழுது கொள்ளலாம்? நீக்கியதை எங்கே வைப்பது? இவ்விரண்டுமே நாம் ஆராய வேண்டியவை.

"ஒன்று போய் ஒன்று வருகிறது, எண்ணிக்கை கூடவில்லை, எனவே விரதத்தின் எல்லை மீறப்படவில்லை" என்று கூறுவோர் உளர். கணக்களவில் இது சரியே. ஆனால் அறம் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகம் என்பதைப் பொருளின் எண்ணிக்கையாகக் கொள்ளாமல், பொருளின்பால் உள்ளம் கொள்ளும் மயக்கமாகவே கொள்கிறது. எண்ணிக்கை என்பது வேலி. வேலிக்குள்ளும் களை முளைக்கும்.

பழையதாகும் முறை

2007-ஆம் ஆண்டின் இறுதியில் தைவான் நாட்டு ஏசஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையும் ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்ட 'ஈ பிசி' என்னும் சிறு மடிக்கணினியை வெளியிட்டது. விலை குறைந்த அவ்வகைக் கணினிகள் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவின. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. கணினியை முன்பு கண்டிராத சிற்றூர் வீடுகள் பலவற்றுள்ளும் அது நுழைந்தது.

அக்கணினிகளுட் பல இன்று அலமாரிகளில் உறங்குகின்றன. சில பழுதுற்றவை, வேறு சில பழுது ஏதும் இன்றியே பழையவை ஆனவை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலியும் இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. இவ்வாறு, நன்கு இயங்கும் கருவியும் ஒரே நாளில் காலம் கடந்ததாகிவிடுகிறது. குற்றம் முழுவதும் வாங்குவோரின் ஆசையே என்று கூறுதல் இதனால் பொருந்தாது. பாதுகாப்பற்ற கணினியில் வங்கிக் கணக்கைக் கையாளுதல் அறிவுடைமையும் அன்று.

எனினும் நம்மை நாமே வினவிக்கொள்ள இடம் உண்டு. பொருள் வரைதலுக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தனைச் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். அவற்றுள் ஒன்று, பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல். இது நுட்பமானது. இவ்வியப்பில் திருட்டு இல்லை, பொய் இல்லை, ஒருவருக்கும் வெளிப்படையான தீங்கும் இல்லை. ஆயினும் அது குற்றமாகவே எண்ணப்பட்டது. ஏனெனில் அவ்வியப்பிலிருந்துதான் நம் கையில் உள்ளது சிறியதாகத் தோன்றத் தொடங்குகிறது. நேற்றுவரை கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் போதுமானதாயிருந்த கணினி, அண்டை வீட்டார் புதியது வாங்கிய பிறகு மெதுவாக இயங்குவதுபோலத் தோன்றுமாயின், பழுது கணினியில் இல்லை.

ஐவர்மலை கூறுவது

பழனிக்கு அருகே, பழனி மலைத்தொடரின் அடிவாரப் பகுதியில் ஐவர்மலை என்னும் குன்று உளது. இயற்கைக் குகைத்தளத்தின் மேற்புறப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள அத்தலம் நம் சமயத்தவர் பலரும் அறிந்ததே. அங்குள்ள வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870 எனக் காலம் குறிப்பது; பாண்டியர் வரலாற்றுக்கே ஒரு நிலையான ஆண்டை அளித்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் 'புதுக்கி', வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் அமைத்த செய்தியை அது தெரிவிக்கிறது.

புதுக்குதல் என்னும் இச்சொல் எண்ணத்தக்கது. உள்ளதை நீக்கி வேறொன்றை நிறுவுதல் அன்று அது. உள்ளதையே மீண்டும் பயன்பாட்டுக்கு உரியதாக்குதல். திருவுருவத்தையும் கணினியையும் ஒப்பாக நிறுத்துதல் நம் கருத்தன்று. பழுதுற்றது என்றவுடன் நம் முன்னோர் எண்ணம் முதலில் எத்திசையில் சென்றது என்பதையே இங்கு நோக்குகிறோம். மடிக்கணினியையும் புதுக்கலாம். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டுத் திண்மநிலைத் தட்டைப் பொருத்தினால், வேகம் குன்றிய கணினி வியப்புறத்தக்க அளவில் உயிர்பெறும். நினைவகத்தைக் கூட்டலாம், மின்கலத்தை மாற்றலாம், விண்டோஸ் கைவிட்ட கணினியில் கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை அமைக்கலாம். ஊரிலுள்ள பழுது பார்ப்பவருக்கு இதனால் பிழைப்பும் உண்டாகும்.

அவ்வாறாயின் மாற்றுதல் என்றுமே தகாதா? அதற்கும் நம் நெறியில் விடை உண்டு. திகம்பர முனிவர் தம்மிடம் கொள்ளும் கருவிகள் மயிற்பீலிக் கற்றை, கமண்டலம், சாத்திரம் என்பனவே. எல்லாவற்றையும் துறந்த அவரும் பீலியை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்கிறார். நாட்பட்ட பீலி மென்மை குன்றிவிடும். அமரும் இடத்துச் சிற்றுயிர்களை நோவின்றி விலக்குதற்கு உரிய கருவி, அவ்வுயிர்களையே வருத்துவதாகிவிடும். எனவே மாற்றுகிறார். புதியது அழகியது என்பதற்காக அன்று; பழையது தன் பணியைத் தீங்கின்றிச் செய்ய இயலாமையால். கருவியை மாற்றுதற்கு இதனினும் தெளிவான அளவுகோல் வேறில்லை. மாணவர் தம் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் இயங்காதபோதும், புதுக்கியும் பயன்படாதபோதும் புதியதைக் கொள்ளுதல் விரதத்துக்கு மாறாகாது.

அவ்விழாவில் மற்றொன்றும் நிகழ்கிறது. கழிந்த பீலியை முனிவர் ஓரிடத்தில் எறிந்துவிடுவதில்லை. விரதம் ஏற்கும் சிராவகர் அதனைப் பெற்றுச் செல்கிறார். நீங்கும் பொருளுக்கும் ஓர் இடமும் பொறுப்பும் உண்டு. இங்கேதான் நாம் இரண்டாம் வினாவுக்கு வருகிறோம்.

மலையுச்சியில் நேர்ந்தது

ஐவர்மலை அடிவாரத்தில் நிற்க, அதே மலைத்தொடரின் உச்சியிலுள்ள கொடைக்கானல் வேறொரு செய்தியைக் கூறுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் முற்பகுதியில் பெயர்க்கப்பட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பெற்றது. ஒரு நாட்டார் நீக்கிய பழைய ஆலை மற்றொரு நாட்டாரின் புதிய ஆலையாயிற்று. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாம்பாறு சோலைக்காட்டின் ஓரத்தில் இயங்கிய அவ்வாலையின் வெப்பமானிகள் பெரும்பாலும் அயல்நாடுகளுக்குச் சென்றன. உடைந்த கண்ணாடி இங்கேயே தங்கிற்று.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊர்ப்பகுதியாகிய மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் டன் கணக்கில் கிடந்தது வெளிப்பட்டது. மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. தொழிலாளரின் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணமன்று என்று நிறுவனம் மறுத்துவந்தது; முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016 மார்ச்சில் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணைத் தூய்மை செய்யும் வினாவோ அதன் பின்னரும் தொடர்ந்தது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. வெப்பமானி முழுமையாக இருக்கும்வரை தீங்கற்றது. தாய்மார் குழந்தையின் காய்ச்சலை அளக்கும் நற்கருவி. உடைந்து, கவனிப்பார் அற்ற கிடங்கில் கிடக்கும்போதே அது நஞ்சாகிறது. மடிக்கணினியின் இயல்பும் இத்தகையதே. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் திரைக்குப் பின்னே ஒளி தந்தது ஒரு மெல்லிய குழல் விளக்கு. அதனுள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பின்வந்தவற்றில் ஒளியுமிழ் டையோடுகள் அவ்விடத்தைப் பெற்றமையால் பாதரசம் நீங்கிற்று. ஆயினும் பழைய சுற்றுப்பலகைகளின் பற்றுவைப்பில் ஈயமும், மின்கலத்தில் தீப்பற்றும் இயல்பும் உள்ளன. முறையற்ற கிடங்குகளில் செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும், பொன்னுக்காகப் பலகைகளை அமிலத்தில் இடுவதும் நிகழ்கின்றன. 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கும் இல்லை.

எவர் வினை?

"எடைக்குப் போட்டுவிட்டேன், அதன்பின் அவர் செய்வது அவர் வினை" என்று கூறலாமா? நம் ஆகமங்கள் இதற்கு இடமளிக்கவில்லை. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வழியாலும் வினை வந்து சேரும். பயனின்றி உயிர்க்குத் தீங்கு சூழ்வதை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தில், நஞ்சு, தீ, படைக்கலம் போன்றவற்றைப் பிறர் கையில் கொடுத்தல் இம்சாதானம் எனத் தனியே பெயரிட்டு விலக்கப்பட்டுள்ளது. நஞ்சு அடங்கிய பொருளை, அதன் இயல்பு அறியாதவர் கையில் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தல் இதன்பாற்படும். பழைய பொருள் வணிகரை இகழ்தல் நம் நோக்கமன்று. அவரும் அவர் பிள்ளைகளும் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் என்பதே கவலைக்குரியது.

முனிவர் ஒழுகும் சமிதிகள் ஐந்தனுள் ஒன்று, கழிவை நீக்குதலில் விழிப்பு. உடற்கழிவையும் உயிரற்ற இடம் பார்த்தே நீக்குவர். இல்லறத்தார் அதனை முழுமையாகக் கைக்கொள்ள இயலாது. ஆயினும் அதன் நிழலையேனும் நம் வீட்டுக்குள் கொண்டுவரலாம். ஒரு பொருளைக் கொள்ளும் நாளில் தொடங்கிய பொறுப்பு, அதனை விற்ற நாளில் முடிவதில்லை. அது தீங்கற்ற இடத்தை அடைந்த நாளிலேயே முடிகிறது.

இன்னும் இயங்கும் கணினியை ஏழை மாணவர்க்கு அளித்தல் சாத்திர தானத்தின்பாற்படும். ஆனால் தானத்துக்குப் பொருளின் தகுதியும் வேண்டும். நம் கோப்புகளை அழித்து, மின்கலத்தைச் சரிபார்த்து, மின்னேற்றியுடன் கொடுப்பதே தானம். இயங்காததைக் கொடுத்தல், நம் கழிவை அவர் வீட்டுக்கு அனுப்புவதேயாகும். இயங்காதவற்றுக்கு வேறு வழி உண்டு. 2012 மே மாதம் முதல் நம் நாட்டில் மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் திருத்திய புதிய விதிகள் செயற்பட்டுவருகின்றன. உற்பத்தியாளருக்கு இதில் கடமை உண்டு. அரசிடம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரும் உளர். விலை குறைவாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த இழப்பையும் பொருள் வரைதலின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் தகும்.

தனித்தனிக் குடும்பத்துக்கு இது அரிதாயின், ஜினாலயந்தோறும் கூடிச் செய்யலாம். தசலட்சண நாள்களில் உத்தம தியாகத்தையும் உத்தம ஆகிஞ்சன்யத்தையும் நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அந்நாள்களில் ஊரிலுள்ள வீடுகளின் பழைய கணினிகளையும் கைப்பேசிகளையும் மின்கலங்களையும் ஓரிடத்தில் திரட்டி, இயங்குபவற்றைப் புதுக்கி மாணவர்க்கும், இயங்காதவற்றை உரிய மறுசுழற்சியாளருக்கும் சேர்ப்பிக்கும் பொறுப்பை இளைஞர் ஏற்கலாம். அலமாரியைத் திறந்து, உள்ளே உறங்குவன எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் அதன் முதற்படி.