மரங்கள் எங்கே போகும்?

அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு தொடங்குகிறோம்.

 

நாம் குடியிருக்கும் இப்புக்கிட் பாஞ்சாங் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் 'நீண்ட குன்று' என்று பொருள். அடுக்குமாடியில் உறங்கி எழுந்து, எல்.ஆர்.டி. வண்டியைப் பிடித்து, பிழைப்பைத் தேடி ஓடுகிற நமக்குக் குன்றின் ஞாபகம் வருவதே அபூர்வம். ஆயினும், ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஸெங்ஹுவா பூங்காப் பக்கம் காலாற நடக்கும் சகோதரர்கள் நன்கறிவார்கள். காட்டின் ஓரத்தை நெருங்கியதும் உடம்பிலே ஒரு குளிர்ச்சி தட்டும். காட்டுக்கோழியின் குரல் கேட்கும். இரும்பும் சிமிட்டியுமாக வளர்ந்த இந்நகரத்திலே இப்படியும் ஓர் இடத்தை வல்ல நாயன் நமக்கென்று மிச்சம் வைத்திருக்கிறானே என்று உள்ளம் நெகிழும்.

சில வாரங்களுக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவர் தம் சிறு மகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தார். அவள் தகப்பனாரை ஏறிட்டுப் பார்த்து, "அத்தா! நமக்குச் சூடு தாங்கலேன்னா வீட்டுக்குள்ளே போயிடுறோம். மரத்துக்குச் சூடு தாங்கலேன்னா அது எங்கே போகும்?" என்று கேட்டாளாம். தகப்பனாருக்கு மறுமொழி தெரியவில்லை. அவர் அக்கேள்வியை நம் கூட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். நமக்கும் தெரியவில்லை. அறியாததை அறிந்தோரிடம் கேட்பது நம் மார்க்கம் காட்டிய வழி. ஆதலின், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், அவர்கள் எழுதியவற்றைப் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

விதையின் பிரயாணம்

மரத்துக்குக் கால் இல்லை. ஆனால் மர இனத்துக்குப் பிரயாணம் உண்டு. தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் விதையைக் காற்றும் பறவையும் வௌவாலும் சற்றுத் தொலைவில் கொண்டுபோய்ப் போடும். அங்கே சீதோஷ்ணம் ஒத்துக்கொண்டால் முளைத்து வளரும். அதன் விதை இன்னும் சற்று அப்பால் விழும். இவ்விதம் தலைமுறை தலைமுறையாக ஒரு காடே இடம் பெயர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் பனிக்காலம் முடிந்தபோது, காடுகள் இப்படித்தான் மெல்ல மெல்ல நகர்ந்து தமக்கேற்ற இடங்களைச் சென்றடைந்தன.

இன்றோ நிலைமை வேறு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் வானில் சேர்த்த புகை பூமியைப் போர்வைபோல் மூடி, வெப்பத்தை வெளியே போகவொட்டாமல் தடுக்கிறது. 2024-ஆம் ஆண்டு வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் நம் நாட்டின் சராசரி வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரை உயரக்கூடும் என்று கணக்கிடுகிறது. குறைந்த எண்ணா, கூடிய எண்ணா என்பது உலக மாந்தர் எவ்வளவு புகையை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பனிக்காலத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை இப்போது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நெருக்கித் திணிக்கிறோம். மரத்தின் நடையோ பழைய நடைதான்.

சூடு ஏறும்போது உயிரினங்கள் குளிர்ச்சியை நாடி மலைமேல் ஏறுகின்றன. போர்னியோவின் கினபாலு மலையில் 1965-ஆம் ஆண்டு எந்தெந்த உயரத்தில் எந்தெந்த அந்துப்பூச்சி இருந்தது என்று குறித்து வைத்திருந்தார்கள். 2007-ஆம் ஆண்டு மீண்டும் போய்ப் பார்த்தபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. சிறகுள்ள பூச்சிக்கே 42 ஆண்டுகளில் இவ்வளவு நகர்ச்சி என்றால், வேரூன்றிய மரத்தின் பாடு என்ன?

மலையுச்சியில் முடியும் பாதை

நம்மிற் பலருடைய முன்னோர்கள் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி இங்கு வந்தவர்கள். குற்றாலத்துச் சாரலையும் பொதிகை மலையையும் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளிலே சோலைக்காடு என்று ஒன்று உண்டு. மேகத்தையும் மழையையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, ஓடையாகச் சிறிது சிறிதாகக் கீழே விடுவது அது. அங்கேயுள்ள செடிகொடிகள் ஏற்கெனவே உச்சியில் நிற்கின்றன. சூடு இன்னும் ஏறினால் அவை மேலே ஏறுவதற்கு மலை ஏது? பாதை வானத்தில் போய் முடிகிறது.

நம் பக்கத்திலுள்ள புக்கிட் தீமாவை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலே மிக உயர்ந்த குன்று அதுதான். உயரமோ 163 மீட்டர். மலைமேல் ஒவ்வொரு நூறு மீட்டர் ஏறும்போதும் ஏறத்தாழ 0.6 டிகிரி வெப்பம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அப்படியானால், ஒரேயொரு டிகிரி சூட்டுக்குத் தப்ப ஒரு மர இனம் ஏறத்தாழ 170 மீட்டர் மேலே ஏற வேண்டும். குன்றின் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறினாலும் அந்த ஒரு டிகிரிக்கே போதாது! அக்குழந்தையின் கேள்விக்குக் கணக்கு சொல்லும் விடை இது. சகோதரர்களே, நம் மரங்களுக்குப் போக்கிடம் இல்லை.

அக்குன்றின் முகட்டிலே சிராயா என்னும் பெருமரம் நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு மேற்பட்ட மலைமுகடுகளிலே செழிக்கும் இனம் அது. இங்கே அதனினும் தாழ்ந்த உயரத்தில், கடற்காற்று படும் குன்றிலே வாழ்கிறது. சிராயாவும் அதன் உறவு மரங்களும் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, வறட்சியோ குளிர்ந்த இரவுகளோ வந்தபின், பல மரங்கள் ஒருமிக்கப் பூத்துக் காய்த்து, இறகுள்ள விதைகளைச் சுழலவிடும். ஒரே சமயத்தில் அவ்வளவு விதை விழுவதால், தின்னும் பிராணிகள் தின்றது போகவும் முளைக்க மிச்சமிருக்கும். என்ன அற்புதமான ஏற்பாடு! ஆனால் அவ்விதைகள் நெல்லைப்போல் சேமித்து வைக்கத் தக்கவை அல்ல. விழுந்த சில நாட்களில் ஈரம் கிடைத்து முளைத்தாக வேண்டும். இல்லையேல் காய்ந்து மடியும். பெரும்பாலானவை தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன.

வறட்சி எவ்வளவு கடுமையாகக்கூடும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதமே சாட்சி. அம்மாதம் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை வெறும் 0.2 மில்லிமீட்டர். 1869 முதல் வைத்துவரும் கணக்கிலே அவ்வளவு வறண்ட பிப்ரவரி இருந்ததில்லை. நம் வட்டாரத்துப் புல் வைக்கோலாய்ப் போனது பலருக்கு நினைவிருக்கும்.

மனிதன் வெட்டியதும் கட்டியதும்

காட்டைக் குறைத்தது சூடு மட்டுமா? இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலே காசுக்கட்டிக்கும் மிளகுக்குமாக இத்தீவின் காடுகள் பெரும்பாலும் வெட்டி எரிக்கப்பட்டன. 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கிய வாலஸ் என்னும் ஆராய்ச்சியாளர், ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டுகளில், இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டினங்களைச் சேகரித்தார். அவ்வளவு வளம்! பிறகு 1883-இல்தான் அக்குன்று காப்புக்காடு ஆயிற்று.

1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை முழுமை பெற்றபோது அந்தக் காடு இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் குன்று. மறுபக்கம் நீர்த்தேக்கக் காடு. பிளந்த ஓரங்களிலே வெயிலும் வறண்ட காற்றும் உள்ளே நுழைந்தன. நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்த செடிகள் வாடின. அவ்விடங்களிலே அயல்நாட்டுக் கொடிகளும் புதர்களும் படர்ந்தன. விதை சுமக்கும் பிராணிகளால் சாலையைக் கடக்க முடியவில்லை. கடக்க முயன்று மடிந்தவை எத்தனையோ!

ஆனால் கெடுத்த கையே திருத்தவும் கூடும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அவ்விரைவுச்சாலையின் மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டி, மண் கொட்டி, இந்நாட்டுக்குரிய மரங்களை நட்டார்கள். 2013-இல் அது நிறைவெய்தியது. அது மனிதருக்கான பாலமன்று. எறும்புதின்னியும் புனுகுப்பூனையும் அதைப் பயன்படுத்துவதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அவற்றின் வயிற்றிலும் உரோமத்திலும் விதைகளும் கடக்கின்றன. போக்கிடம் இல்லாத மரங்களுக்கு அது ஒரு சிறு வாசல்.

அமானிதம்

சகோதரர்களே! படைத்தவன் வானத்தை உயர்த்தி ஒரு தராசையும் நிறுவினான், அத்தராசில் வரம்பு மீறலாகாது என்று திருமறை நமக்கு அறிவுறுத்துகிறது. கடைத்தெருவின் தராசை மட்டும் அது சொல்லவில்லை. மழைக்கும் மண்ணுக்கும், பூவுக்கும் வண்டுக்கும், விதைக்கும் பறவைக்கும் இடையே அவன் வைத்த சமநிலையும் தராசுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். மேய்ச்சல் நிலத்தைக் காப்பு நிலமாக ஒதுக்கினார்கள். முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், போருக்குப் போகும் படைக்குங்கூடக் கனிமரங்களை வெட்டாதீர் என்று கட்டளையிட்டார்கள். பூமியில் நாம் உரிமையாளர்கள் அல்லர், அமானிதத்தைச் சுமந்தவர்கள்.

"சிங்கப்பூர் ஒரு சிறு புள்ளி. உலகமெல்லாம் விடும் புகையை நாம் நால்வர் நிறுத்திவிட முடியுமா?" என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன கற்பித்தார்கள்? இறுதிநாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடு என்றார்கள். அக்கன்று மரமாகுமா, கனி தருமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. முடிவு இறைவனுடையது, கை நம்முடையது. மறுமையில் உலகத்தின் புகையைப் பற்றி நம்மிடம் கேட்கப்படாதிருக்கலாம். நம் கையைப் பற்றி நிச்சயம் கேட்கப்படும்.

நம் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்றாலும் நட்டவனுக்குத் தருமம் என்ற நபிமொழியின் ஆசையால், நம்மவர் சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த விதைகளைக் காட்டோரத்தில் தூவினார்கள். எண்ணம் நல்லது, செய்கை தவறு. அயல் செடி காட்டிலே வேர்பிடித்தால், அங்குள்ள செடிக்கு வேண்டிய வெளிச்சத்தையும் இடத்தையும் பறித்துவிடும். குரங்குக்கு ரொட்டி போடுவதும் அவ்வாறே. காட்டுக் கனியைத் தின்று விதையைப் பரப்ப வேண்டிய பிராணியைச் சாலையோரப் பிச்சைக்காரனாக்குகிறோம். அது சட்டப்படியும் குற்றம். அறிவில்லாத தருமம் சில வேளை அநியாயமாகிவிடும்.

போன ரமலானில் நம் இஃப்தாருக்குப் பின் எத்தனை பை பிளாஸ்டிக் தட்டுகளைக் குப்பையில் போட்டோம்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளிர்சாதனத்தை ஓடவிட்டோம். ஓடும் ஆற்றிலே ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று போதித்த நபியின் உம்மத்தினரா நாம்?

ஆகவே சில முடிவுகள் செய்திருக்கிறோம். வரும் ரமலானில் கழுவி வைக்கும் தட்டுகளிலேயே கஞ்சி பரிமாறுவோம். விதைகளையோ வேண்டாத தொட்டிச் செடிகளையோ காட்டில் போட மாட்டோம். தேசியப் பூங்காக் கழகம் 2020-இல் தொடங்கிய பத்து லட்சம் மரம் நடும் இயக்கத்தில் நம் பிள்ளைகளோடு சேர்வோம். அவர்கள் தரும் கன்றை, அவர்கள் காட்டும் இடத்திலேயே நடுவோம். மாதம் ஒரு நாள் காட்டு வழியே நடந்து, மரங்களின் பெயர்களையாவது கற்றுக்கொள்வோம். பெயர் தெரியாத ஒன்றின் மேல் அன்பு எப்படி வரும்?

அச்சிறுமிக்கு நாம் சொல்லி அனுப்பிய விடை இதுதான்: "மகளே! மரம் தானாக எங்கும் போக முடியாது. ஆகையால் அது போவதற்கு நாம்தான் வழிவிட வேண்டும். அது நிற்பதற்கு நாம்தான் இடம் விட வேண்டும்."

யா அல்லாஹ்! நீ வைத்த தராசைக் கெடுக்காத கைகளை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பிள்ளைகள் முதியவராகும் நாளிலும் இந்நீண்ட குன்றின் ஓரத்தில் அந்தக் குளிர்ச்சி இருக்கச் செய்வாயாக! ஆமீன்.