காயாத மண்

ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1767-இல் ரோமாபுரியில் தோலுரித்த மனிதன் ஒருவனைச் செய்தான். தசைகளின் ஓட்டத்தை அறியாதவன் தோலை மட்டும் எப்படிச் செய்வான்?

அந்தப் பாடம் பயில இருவகை மண் உண்டு. எண்ணெயும் மெழுகும் கலந்த மண் காயாது. எத்தனை முறையும் திருத்தலாம். ஆனால் சூளையில் வைத்தால் உருகிவிடும். நீரில் பிசைந்த களிமண்ணோ ஈரத்துணி போர்த்தினாலும் ஒருநாள் இறுகிவிடும், சுட்டால் நிலைக்கும்.

பயில்கிறவனுக்குக் காயாத மண்ணே நல்லது. வாழ்கிறவனுக்கு?

அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை மூன்று வருஷம் திருத்தினேன். அதை நேர்மை என்றே நம்பினேன். அனுப்புவதற்குள் அவர் போய்விட்டார். கடிதத்தில் இன்று ஒரு பிழையும் இல்லை, படிக்கத்தான் ஆளில்லை.