மணலில் கிடைத்த மோதிரம்

கடற்கரை மணலில் ஒருவருக்கு ஒரு தங்க மோதிரம் கிடைக்கிறது. தவறவிட்டவர் யாரென்று தெரியவில்லை. அந்த மோதிரம் இனி யாருக்குச் சொந்தம்? கேள்வி மிகப் பழையது. நமது பிக்ஹு நூல்களில் இதற்கென்றே ‘லுக்தா’ என்று தனி அத்தியாயம் உண்டு. ஆனால், வழியில் தட்டுப்பட்டதை எடுத்தவனைப் பற்றிப் பேசும் அந்த அத்தியாயத்தை, கையில் கருவியோடு தேடிப் போகிறவனுக்கும் அப்படியே பொருத்தலாமா என்பது நமது காலத்தின் கேள்வி.

இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் குண்டசாலையில் எங்கள் அயலில் வசிக்கும் ஓர் இளைஞர். கட்டாரில் சில வருடங்கள் உழைத்துவிட்டு வந்தவர். மெட்டல் டிடெக்டருடன் கடற்கரையில் நடந்து மோதிரமும் சங்கிலியும் காப்பும் எடுக்கும் வெளிநாட்டவர்களை வீடியோக்களில் பார்த்திருக்கிறார். உனவட்டுன, பெந்தோட்டை, அறுகம்பே என்று உல்லாசப் பயணிகள் குளிக்கும் கரைகள் நமது நாட்டிலும் இருக்கின்றனவே என்பது அவரது கணக்கு. “கடல்ல விழுந்தது யாருக்கும் சொந்தமில்லாத சாமான்தானே சேர்? எடுத்தா ஹலால்தானே?” என்று கேட்டார். நான் ஆலிமல்லன். பத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும், அந்தக் கேள்விக்குள் இருந்த ‘தானே’ என்ற சொல் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அதைத் தொடர்ந்து சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் வட்டச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் அதில் சிறு சுழிமின்னோட்டங்கள் தோன்றி, பதிலுக்கு ஒரு புலத்தை எழுப்புகின்றன. அந்தப் பதிலையே கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும்போது மோதிரம் கழன்று விழுகிறது. மணற்றுகளைவிடச் சுமார் ஏழு மடங்கு அடர்த்தியான தங்கம், அலை கிளறும் மணலுக்குள் மெல்ல இறங்கிவிடுகிறது. உரியவர் கையால் துழாவிக் களைத்துத் திரும்பிய இடத்தில், கருவி சில நிமிடங்களிலேயே அதைக் கண்டுவிடக்கூடும்.

இந்தக் கருவி பிறந்த கதையும் கவனிக்கத்தக்கது. 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவரது உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரஹம் பெல் இத்தகைய ஒரு சாதனத்தைக் கொண்டு முயன்றார். முயற்சி கைகூடவில்லை. கட்டில் மெத்தையிலிருந்த உருக்குக் கம்பிகளும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பர். அங்கே உலோகம் இருக்கிறது என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். அது குண்டா, கம்பியா, சோடாப் போத்தல் மூடியா, ஒரு பெண்ணின் மஹர் மோதிரமா என்பதை அதனால் சொல்ல முடியாது. யாருடையது என்பதையோ ஒருபோதும் சொல்லாது. அந்த வேலை மனிதனுக்கு விடப்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் போலந்து அதிகாரியான ஜோசப் கொசாக்கி பிரித்தானியாவில் இருந்தபடி உருவாக்கிய கையடக்கக் கருவி, நிலக்கண்ணி தேடுவதற்காகப் படைகளுக்கு வழங்கப்பட்டது. நமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் இக்கருவி செய்த பெரும் பணி அதுவே. கண்ணிவெடி அகற்றுவோர் கேட்கும் ஒலிகளில் பெரும்பாலானவை ஆணியும் தகரத் துண்டுமாகவே முடிகின்றன. இருந்தும் ஒவ்வோர் ஒலியையும் அவர்கள் ஒரு மனித உயிரைப் போலக் கருதி மண்ணை மெதுவாக விலக்குகிறார்கள். அதே கருவி, அதே ஒலி. கேட்பவரின் நோக்கம்தான் வேறு.

எங்கள் குண்டசாலையில் கடலில்லை; மகாவலி இருக்கிறது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர நரேந்திரசிங்க மன்னனுக்கு இங்கு மாளிகை இருந்தது. ‘குண்டசாலை மன்னன்’ என்றே அவனை அழைத்தார்கள். அரச மாளிகை இருந்த ஊரில் புதையல் கதைகளுக்குக் குறைவிருக்காது. சற்று அப்பால், 1980களில் எழுந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது வெடித்த சேற்றுக்கரை தென்படும். ஊரை விட்டு எழுந்து போனவர்கள் எதையெல்லாம் அங்கே விட்டுச் சென்றார்களோ என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் எழாமற் போகாது. ஸ்கேனர் இயந்திரத்துடன் புதையல் தோண்டியவர்கள் கைதான செய்திகளும் நமது பத்திரிகைகளுக்குப் புதியனவல்ல.

இவ்விடத்தில் நாட்டின் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருட்களாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தின் மூலம் ஆங்கிலேயரிடம் கைமாறிய நாள் அது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அத்தகைய பொருள் அரசுக்குரியது. அண்மையில் தொலைந்த பொருளுக்கோ 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை பதில் சொல்கிறது. அதன் 386 ஆம் பிரிவுக்குத் தரப்பட்டுள்ள உதாரணங்களுள் ஒன்று மோதிரத்தைப் பற்றியதே. பெறுமதியான மோதிரமொன்றைக் கண்டெடுத்தவன், உரியவரைத் தேடாமல் உடனே விற்றால் அவன் குற்றவாளி. உரியவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று சொல்வது போதாது. தேடினேன் என்று சொல்ல முடிய வேண்டும்.

நமது ஷரீஅத்தும் இத்தகைய ஒரு கோட்டைக் கிழித்திருப்பது வியப்பளிக்கிறது. ஜாஹிலிய்யாக் காலத்தவர் புதைத்தது ‘ரிகாஸ்’. அதில் ஐந்திலொன்றைக் கொடுத்துவிட்டு மிகுதியைக் கண்டவர் எடுத்துக்கொள்ளலாம். இஸ்லாமிய அடையாளம் தாங்கிய பொருள் கிடைத்து, உரியவர் அறியப்படாவிட்டால், அது லுக்தாவாகவே கருதப்படும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. 1961 இல் நமது தென்கிழக்குக் கடலின் கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். அவரது நண்பர் ஆதர் சி. கிளார்க் பின்னர் அதைப் பற்றி நூலே எழுதினார். ஔரங்கசீப்பின் ஆட்சியில் சூரத் நகரில் அச்சிடப்பட்ட அந்நாணயங்களில் ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு இருந்தது. உப்பில் இறுகிக் கிடந்த அந்த வெள்ளியும் ஒரு காலத்தில் யாரோ ஒரு வணிகரின் முதல்தான்.

லுக்தா பற்றிய நபிமொழிகளின் அடிப்படை எல்லோரும் அறிந்ததே. கண்டெடுத்த பணத்தைப் பற்றி வினவியவரிடம், அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்து வைக்குமாறும் ஒரு வருடம் அறிவிக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நூறு தீனார் கொண்ட பையைக் கண்டெடுத்த உபை இப்னு கஃப் (ரழி) அவர்கள் மீண்டும் மீண்டும் அறிவிக்கப் பணிக்கப்பட்டதும் ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. தெருவில் கிடந்த ஒற்றைப் பேரீச்சம்பழம் போன்ற அற்பப் பொருளுக்கு இந்தச் சிரமம் இல்லை.

இங்கே என்னை நிறுத்திச் சிந்திக்க வைப்பது பையும் கயிறும். பணத்தை எண்ணுவதற்கு முன் பையைப் பார்க்கச் சொல்லப்படுகிறது. ஏன்? தீனார் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பையும் அதன் முடிச்சும் ஒருவருடைய கையின் வேலை. உரியவர் வந்தால் அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் தமது பொருளைப் பெறுவார். மோதிரத்தின் உட்புறம் பொறித்த பெயரும் திகதியும், தேய்ந்த ஓரமும், நூல் சுற்றி இறுக்கிய தடமும் அந்தக் கயிற்று முடிச்சுகளே. கண்டெடுத்தவர்கள் உடனே படமெடுத்து உலகுக்கெல்லாம் காட்டிவிடும் இக்காலத்தில், அடையாளங்களை முழுமையாக வெளியிடாமல் சிலவற்றை மறைத்துவைக்கச் சொன்ன பிக்ஹு அறிஞர்களின் முன்யோசனையையும் நாம் நினைவுகூர வேண்டும்.

‘கடலில் விழுந்தது’ என்ற வாதத்துக்கு வருவோம். பனூ இஸ்ராயீலரில் ஒருவர் ஆயிரம் தீனார் கடன் வாங்கிக் கடல் கடந்து போன சம்பவத்தை நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். தவணை வந்தது, கப்பல் கிடைக்கவில்லை. அவர் ஒரு மரத்துண்டைக் குடைந்து, பணத்தையும் கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, அல்லாஹ்வின் பொறுப்பில் கடலில் விட்டார். அக்கரையில் கப்பலை எதிர்பார்த்து நின்ற கடன் கொடுத்தவர், அதை விறகென்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் சென்று பிளந்தபோது பணமும் கடிதமும் வெளிப்பட்டன. இமாம் புஹாரி அவர்கள் இச்சம்பவத்தைக் கடலில் மரத்துண்டைக் கண்டெடுப்பது பற்றி லுக்தா அத்தியாயத்திலும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அலை புரட்டிய விறகுக்குள்ளும் ஒருவருடைய பெயர் இருக்கலாம். கடல் பொருளை இடம் மாற்றுகிறதேயன்றி உரிமையை அழிப்பதில்லை.

மக்காவின் ஹரம் எல்லைக்குள் கிடைக்கும் பொருளுக்குச் சட்டம் இன்னும் இறுக்கமானது. அறிவிக்கும் எண்ணமுள்ளவர் மட்டுமே அதை எடுக்கலாம். ஷாபிஈ மத்ஹபின்படி அது ஒருபோதும் எடுத்தவருக்குச் சொந்தமாகாது. புனித பூமிக்கான சிறப்புச் சட்டம் அது. கடற்கரைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால், அறிஞர்கள் அதற்குக் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. மக்கா மனிதர்கள் தூரத்திலிருந்து வந்து போகும் இடம். தவறவிட்டவர் இன்னொரு முறை வரக்கூடும், அல்லது வருபவரிடம் சொல்லியனுப்பக்கூடும். உல்லாசக் கடற்கரையும் வந்து போகிறவர்களின் இடம்தான். அறிவிக்க அன்று பள்ளிவாசல் வாயிலும் சந்தையும் இருந்தன. இன்று ஹோட்டல் பதிவேடு, பொலிஸ் நிலையம், கைத்தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. மண்ணுக்குள் பார்க்கும் கருவி கையில் இருப்பவர், மனிதரைத் தேட வழியில்லை என்று சொல்வது எடுபடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது எடுக்கும் கணத்தின் நிய்யத். இமாம் நவவி அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில், மோசடி எண்ணத்துடன் எடுத்தவர் அப்பொருளுக்குப் பொறுப்பாளியாகிறார் என்றும், பின்னர் அறிவித்துவிட்டுச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி அவருக்கில்லை என்றும் கூறுகிறார்கள். வழிப்போக்கனுக்கு நிய்யத் குனியும்போது பிறக்கிறது. கருவியோடு போகிறவருக்கோ அது வீட்டிலிருந்து புறப்படும்போதே இருக்கிறது. பிறர் தொலைத்திருக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்போடு ஒரு காலைப் பொழுதைத் தொடங்குவது உள்ளத்துக்கு நல்லதா? அதே கருவியோடு, தவறவிட்டவர் கேட்டுக்கொண்டதற்காகத் தேடிக்கொடுத்து, பேசிய கூலியைப் பெறுவதில் என்ன கூச்சம்? அது உழைப்பு. கருவியை நான் வெறுக்கவில்லை. அது யாருக்காக ஒலிக்கிறது என்பதே எனது கேள்வி.

உரியவர் நமது சமூகத்தவரா, வேற்று மதத்தவரா, வெள்ளைக்காரரா என்பதும் உரிமையைக் குறைப்பதில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, குண்டசாலைப் பகுதிகளில் நமது வீடுகளும் கடைகளும் எரிந்தன. சாம்பலைக் கிளறிய நாம், பிறர் உடைமையின் மதிப்பு என்னவென்பதை வேறெவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

இன்னொரு கரையையும் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 இல் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, ஹம்பாந்தோட்டை என்று நமது கரைகளைக் கடல் விழுங்கியது. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கரைகளின் மணலுக்குள் இருக்கக்கூடிய ஒரு காப்புக்கு உரியவர் யார்? அணிந்தவர் மௌத்தாகிவிட்டாலும் அது அநாதைப் பொருளல்ல. மரணத்தோடு உரிமை வாரிசுகளுக்குச் செல்கிறது. ஜனாஸாவும் கிடைக்காத ஒரு மகளின் காப்பு ஒரு தாய்க்கு எத்தனை பவுன்? நகைக்கடைத் தராசு அதற்குப் பதில் சொல்லாது.

அந்தத் தாய் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க முடியும். ஒரு வருடம் அறிவித்தும் எவரும் வராவிட்டால் ஷாபிஈ மத்ஹபின்படி எடுத்தவர் அதைத் தமதாக்கிப் பயன்படுத்தலாம். உரியவர் எப்போது வந்தாலும் பொறுப்புத் தீராது. வசதியுள்ளவர் அதை ஸதகாவாகக் கொடுக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் வழி. இரண்டு வழியிலும் ஒரு வருடத் தவணை உண்டு. நமது காலத்தின் அவசரம் அந்தத் தவணையைத்தான் தின்னப் பார்க்கிறது. காலையில் எடுத்த மோதிரம் மாலையில் தட்டாரின் மூசைக்குள் போய்விடலாம். மூசையில் உருகியபின் பெயருமில்லை, திகதியுமில்லை, தேய்ந்த ஓரமுமில்லை. அதன்பின் மனம் திருந்தினாலும் உரியவரிடம் கொடுக்க எஞ்சுவது விலை மட்டுமே. கருவி உலோகத்தை மட்டும் அறிகிறது; மூசையும் உலோகத்தை மட்டுமே மிச்சம் வைக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த மோதிரத்தை இன்னொருவருடையதாகப் பார்க்கக் கூடியவர், அதைக் கையில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர்தான்.