எல்லைக் கதியால்



வேலி அடைக்கும்போது உக்கிய கதியாலைப் பிடுங்கிப் புதியதை ஒரு சாண் தள்ளி நட அதிக நேரம் வேண்டியதில்லை. அடுத்த முறையும் ஒரு சாண். அயல் வளவில் ஆளில்லையென்றால் கேட்பாருமில்லை. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் காணி உறுதியைக் கொண்டுபோகலாம். வேலியைக் கொண்டுபோக முடியுமா?

பத்தாண்டு தடையின்றி வைத்திருந்தால் ஆட்சியுரிமை உண்டென்கிறது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரினால் வழக்கிட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாடும் செய்தார்கள். நீதிமன்றம் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். உபாகமம் 27ஆம் அதிகாரம் அயலானின் எல்லையைப் பெயர்ப்பவனைச் சபிக்கிறது. மக்கள் எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டு கழிந்தால் அந்தச் சாபம் நீங்குமென்று அங்கே எழுதவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில், அயலவரோடு சண்டை பிடித்தேன் என்கிறோம். கதியாலைப்பற்றி மூச்சில்லை. குருவானவருக்கு உங்கள் வளவின் அளவு தெரியாதல்லவா! எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமின்றிக் களவுக்கு மன்னிப்புக் கேட்பது எங்ஙனம்?

உறுதி பெட்டிக்குள் இருக்கிறது. கயிறும் வீட்டிலிருக்கும். இம்முறை அடைப்புக்கு முன் அயல்வீட்டு ஆச்சியையும் கூப்பிட்டு அளந்து பாருங்கள். அவர் வரமாட்டாரென்றால், ஏன் வரமாட்டாரென்று உங்களுக்குத் தெரியும்.